மூக்கு சொன்ன பொய்

1

உங்களுக்கு மூக்கு ஒழுங்காக வேலை செய்கிறதா?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் படிப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கிற எதையாவது எடுத்து மோந்து பாருங்கள். சட்டைக் காலர், சோப்பு, நேற்றைய துண்டு, எதுவானாலும் சரி. வாசனை வந்ததா? அப்படியானால் இந்தக் கதையில் வரும் அக்காவைவிட நீங்கள் கொடுத்துவைத்தவர்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு அக்கா ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பையை என் மூக்குக்குக் கீழே நீட்டி, "எப்படி மணக்குது? உள்ளத உள்ளபடி சொல்லு" என்றாள். பிளம்ஸ் பழத்தைச் சர்க்கரையோடு வோட்காவில் ஆறு வாரம் ஊறவைத்து அவளே போட்ட பழ மது அது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கோப்பையில் இருந்தது சர்க்கரை போட்ட வினிகர். நாலு மாதத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலோடு அக்காவின் மோப்பம் போய்விட்டது. அது அவள் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஜம்முனு இருக்குக்கா" என்றேன்.

அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் துப்பில்லாமல்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். இந்த ஞாயிறு, அவள் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாகச் சாப்பிட வருகிறார்கள். அவர்கள் முன்னால் அக்கா ஊற்றப்போவது இதைத்தான்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. ஓட்டல்களின் படுக்கை விரிப்பு துவைக்கும் சலவை ஆலையில் வேலை. டெலிவரிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பழகியவன். முதலில் இப்படி எழுதினேன்:

"மழை ஓய்ந்த அந்த மாலைப் பொழுதில், பழங்களின் நறுமணம் அவளுடைய"

நிறுத்திவிட்டேன். மழை பெய்யவில்லை. "நறுமணம்" என்ற சொல்லை நான் வாயால் சொன்னதே கிடையாது, சோப்புப் பொட்டலத்தில் படித்ததோடு சரி. இரண்டாவது முறை:

"அவளுடைய பெயர்"

இதுவும் வேண்டாம். பெயர் போட்டால் ஆலையில் அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.*

(* மேலாளர் கதை படிப்பதில்லை. இருந்தாலும் அவர் மனைவி படிக்கலாம்.)

சரி, சாதாரணமாகவே சொல்கிறேன். சலவை ஆலையில் செக்கிங் மேஜை என்று ஒன்று உண்டு. இஸ்திரி உருளையிலிருந்து வரும் விரிப்புகளை மடித்து வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் அங்கே ஒரு ஆள் பார்க்கவேண்டும். கறை கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஈர வாடை, சிகரெட் வாடை, சரியாக அலசாத பிளீச் வாடை, இதெல்லாம் மூக்குக்குத்தான் தெரியும். அக்கா பதினோரு வருஷமாக அந்த மேஜையில் நிற்கிறாள். விரிப்பின் மூலையை மூக்குக்கு நேரே ஒரு வீசு வீசுவாள், "இது மறுபடி துவைக்கணும்" என்று கூடையில் போடுவாள். ஒருதடவைகூடத் தப்பியதில்லை.

காய்ச்சல் போய் வேலைக்கு வந்த முதல்நாள், ஒரு விரிப்பை மூன்றுமுறை வீசினாள். நாலாவது முறை வீசிவிட்டு, பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"டேய், இது என்ன வாடைடா?"

"நல்ல ஈரம்க்கா."

"ம்" என்று கூடையில் போட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒண்ணுமே வரலடா. வெறும் காத்து" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்காக நான் மோந்து பார்க்கிறேன். மறுபடி துவைக்கவேண்டியது வந்தால் ஒரு இருமல். ஒருநாள் எனக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. ஒன்பது வண்டி நல்ல துணியைத் திரும்பத் துவைத்தோம். அன்றைக்கு வைத்த பெயர்தான் "மூக்கு". அக்கா வைத்தாள். இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷத்தில் எனக்கு ஒருத்தர் செல்லப்பெயர் வைத்தது அதுதான் முதல்தடவை. என் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலியில் இதுவரை துணிதான் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு வைக்கிறார்கள்.

நான் பொய் சொன்னது அந்தத் தட்டுக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். எழுதி முடிக்கிறதுக்குள் எனக்கே தெரிந்தால் சொல்கிறேன்.

3

இப்போது பழ மது போடும் விதம். இதில் கதை ஒன்றும் நடக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா குடிக்கமாட்டாள். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். கல்யாணமான புதிதில் வேலை முடிந்து கூட்டாளிகளோடு எங்கேயாவது உட்கார்ந்துவிடுவாராம். "வெளிய போய் கண்டதையும் ஊத்திக்கறதுக்கு, நானே போட்டுத் தரேன். ஞாயித்துக்கிழமை மட்டும். நான் ஊத்தற அளவுதான்" என்றாளாம். கட்டைவிரல் உயரத்தில் ஒரு கோப்பை வாங்கி வைத்தாள். இருபத்தாறு வருஷமாக அந்த அளவுதான்.

பழம் கெட்டியாக, தோல் கறுத்துச் சிவந்து இருக்கவேண்டும். கழுவி, ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைக்கவேண்டும். முள்கரண்டியால் நாலு குத்து. ஜாடியில் ஒரு வரிசை பழம், ஒரு வரிசை சர்க்கரை. மேலே வோட்கா, பழம் முங்கும் வரைக்கும். மூடி, துணி அலமாரியில் கோட்டுகளுக்குப் பின்னால் இருட்டில் வைத்து, தினமும் ஒருதடவை குலுக்கவேண்டும். ஆறு வாரத்தில் பழத்தின் நிறமெல்லாம் இறங்கிவிடும். தண்ணீர் ரத்தச் சிவப்பாகிவிடும், பழம் நோயாளி மாதிரி வெளுத்துப்போகும். ஆலையில் கழித்துக்கட்டிய தலையணை உறையில் அதை வடிகட்டுவாள். கடைசியில் மூக்கை வைத்துப் பார்ப்பாள். பத்தவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம்.

குடிக்காதவள் செய்கிற சரக்கு என்பதால் வந்த வினை ஒன்று உண்டு. வோட்கா பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு உரித்துவிடுவாள். "யாராவது வந்தா சமையல்ரூம்ல சரக்கு பாட்டில் நிக்கறது நல்லாவா இருக்கும்?" ஜன்னல் கண்ணாடி துடைக்க வாங்கும் வினிகரையும் பழைய வோட்கா பாட்டிலில்தான் ஊற்றி வைப்பாள். இரண்டும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில். இரண்டும் தண்ணீர் நிறம். மூக்கு இருந்தவரைக்கும் அவளுக்குப் பாட்டிலில் பெயர் எழுதவேண்டிய தேவையே வரவில்லை.

இந்த வருஷம் பழம் போட்ட அன்றைக்கு அக்கா குனிந்து, தொட்டிக்குக் கீழேயிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். திறந்து மோந்து பார்த்தாள். வாசனை போனாலும் மூக்கில் காரம் ஏறுவது அவளுக்குத் தெரியும். சுர்ரென்றது. "ம், இதுதான்" என்று ஊற்றினாள்.

(இந்தப் பத்தியை நாலுமுறை திருத்தியிருக்கிறேன். இன்னும் என்னவோ இடிக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

4

பூட்டுக்காரரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு நல்ல மனுஷனைக் கதையில் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் முதலில் எழுதும்போது அவரைக் கொஞ்சம் சிடுமூஞ்சியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. எனவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

வடிகட்டிய முதல் ஞாயிறு. அக்கா கட்டைவிரல் கோப்பையை நிரப்பி அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு நகரவில்லை. அவர் ஒரே மடக்கில் குடித்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. தொண்டையை இரண்டுமுறை செருமினார்.

"என்னங்க?"

"இந்த வருஷம்... கொஞ்சம் காரம் ஜாஸ்தி."

"நல்லா இல்லையா?"

"யாரு சொன்னா? பிரமாதம்! மூக்கு இல்லாமயே இப்படின்னா, இருந்திருந்தா நீ கடையே போட்டிருப்ப."

அக்கா சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அப்ப கைப்பழக்கம் போகல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னொரு கோப்பை ஊற்றினாள். அவர் அதையும் குடித்தார்.

அரைமணி கழித்து மாடிப்படியில் என்னைப் பிடித்தார். ஒரு கை வயிற்றில், ஒரு கை என் தோளில்.

"தம்பி, அது வினிகர்டா."

"என்ன மாமா சொல்றீங்க?"

"வயித்துக்குள்ள யாரோ ஜன்னல் தொடைக்கற மாதிரி இருக்கு."

"அக்காகிட்ட சொல்லிடலாமே?"

"அவ சிரிச்சத பாத்தியா நீ? பாத்த இல்ல? அப்புறம் என்ன சொல்றது?" படியில் உட்கார்ந்துவிட்டார். "நானே குடிச்சுத் தீத்துடறேன். மூணு பாட்டில்தான். வாரத்துக்கு ரெண்டு கோப்பை. எப்படியோ ஓடிடும்."

ஓடியிருக்கும். அதற்குள் மகள் போன் செய்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டாள். "அம்மா, உன் பிளம்ஸ் சரக்க பத்தி அவங்ககிட்ட ஒரே பெருமையா சொல்லி வெச்சிருக்கேன்!"

5

போன ஞாயிறு நடந்ததுதான் நீங்கள் முதலிலேயே படித்தது. ஆனால் அதில் ஒரு வரி விட்டுவிட்டேன்.

கோப்பையை நீட்டுவதற்கு முன்னால் அக்கா சொன்னது: "உங்க மாமா நான் மண்ணக் கரைச்சுக் குடுத்தாலும் தேன்னு சொல்லுவார். அந்த ஆள நம்பி சம்பந்தி முன்னாடி வெக்க முடியாது. மூக்கு, நீ சொன்னா சரியா இருக்கும்."

அதற்குப் பிறகும் ஜம்மென்று இருப்பதாகச் சொன்னவன் நான்.

6

மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) பூட்டுக்காரரின் திட்டம். கடையில் நல்ல பிளம்ஸ் மது ஒரு பாட்டில் வாங்கி, வினிகரைத் தொட்டியில் கொட்டிவிட்டு அக்காவின் பாட்டிலில் ஊற்றிவிடுவது. சம்பந்திகள் புகழ்வார்கள். அக்கா பூரிப்பாள். அடுத்த வருஷமும் வாங்கவேண்டும். அதற்கடுத்த வருஷமும். எழுதும்போதே களைப்பாக இருக்கிறது.

(ஆ) சம்பந்திகள் குடிக்கிறார்கள். அவர்களும் மரியாதைக்கு "பிரமாதம்" என்கிறார்கள். ஒரு மேஜை முழுக்க நல்லவர்கள், அத்தனை பேர் வயிற்றிலும் ஜன்னல் துடைக்கிறார்கள். படிக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அக்கா மட்டும் எதற்கென்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பாள்.

(இ) ஆலைக் கேன்டீனில் ஒரு அம்மாள் சொன்னாள், பழம் போட்ட வினிகரில் ஒரு கரண்டி எடுத்து ஐஸும் சோடாவும் கலந்தால் அருமையான குளிர்பானமாம். சில இடங்களில் வேண்டுமென்றே அப்படிப் போடுவார்களாம். ஆக, தப்பே தப்பில்லை, எல்லாம் நன்மைக்கே. நான் வீட்டில் வினிகரும் ஜாமும் கலந்து குடித்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. சோடா வினிகரைச் சரிசெய்யும். நான் சொன்ன பொய்யை எது கலந்து குடிப்பது?

அதனால் நாலாவதாக ஒன்று

நாலாவது எழுதவில்லை. சனிக்கிழமை ஆலையில் அரைநாள்தான். மூன்று மணிக்கு எழுதிய சீட்டுகளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். நேரில் சொல்ல வாய் வராது. படித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். நான் எழுதுவதையெல்லாம் இதுவரை கேட்டிருக்கும் ஒரே ஆள் அவள்தான்.

7

சமையலறை மேஜையில் மூன்று பாட்டிலும் துடைத்து வரிசையாக நின்றன. அக்கா நாளைக்கு வேண்டிய தட்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"புதுக் கதையா? படி படி. காது நல்லா இருக்கு எனக்கு."

படித்தேன். முதல் பகுதியிலேயே, "கோப்பையில் இருந்தது சர்க்கரை போட்ட வினிகர்" என்ற இடத்தில் அவள் கையில் இருந்த தட்டு நின்றது. நானும் நிறுத்தினேன்.

"நிறுத்தாத" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்காமல் படித்தேன். இருமலுக்குச் சிரிக்கவில்லை. நாற்காலியில் துணி உட்கார்ந்திருப்பதற்கு மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்றாவது பகுதியில், அக்கா குனிந்து பாட்டிலை எடுத்தாள் என்ற வரி வந்ததும் மேஜையை ஒரு தட்டு தட்டினாள்.

"இது பொய்."

"எதுக்கா?"

"நான் எங்கடா குனிஞ்சேன்? என் கையெல்லாம் சர்க்கரை. நான் ஜாடிகிட்ட நின்னுட்டு, எடது பக்கம் இருக்கறத எடுன்னு சொன்னேன். எனக்கு எதிர்ல ஒக்காந்து எடுத்துக் குடுத்தது நீ. உன் எடது கைப் பக்கத்துல இருந்தத எடுத்துக் குடுத்திருக்க."

(நாலுமுறை திருத்தியும் இடித்தது இதுதான். அந்த வரியை அடிக்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். பாட்டிலை எடுத்த கை என்னுடையது. அன்றைக்கு என் கதை ஒன்றைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே, பார்க்காமல் எடுத்தேன். என் மூக்கு நன்றாகத்தான் இருந்தது.)

"ஆமாக்கா" என்றேன். "நான்தான் மாத்தி எடுத்தேன். பூசி எழுதிட்டேன்."

அப்போது வாசல் கதவு திறந்தது. பூட்டுக்காரர் வேலைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். எங்களைப் பார்த்ததும் நேரே படுக்கையறைப் பக்கம் திரும்பினார்.

"பையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. ஸ்க்ரூடிரைவர்."

"ஸ்க்ரூடிரைவர் எப்பலேர்ந்து தளும்ப ஆரம்பிச்சுது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தேன். பையிலிருந்து கடைப் பாட்டிலை எடுத்து, லேபிள் தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பி மேஜையில் வைத்தார். இருபத்தாறு வருஷப் பழக்கம்.

 அக்கா தன் பாட்டில் ஒன்றைத் திறந்து, கட்டைவிரல் கோப்பையில் ஊற்றி, எடுத்துத் தன் வாயில் வைத்தாள். அவள் குடித்து நாங்கள் இரண்டுபேரும் பார்த்ததில்லை. முகம் அப்படியே சுருங்கிப்போனது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. நாக்குக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது.

"இதையா மூணு வாரமா குடிச்சீங்க?"

"நீ ஊத்திக் குடுத்த. குடிச்சேன்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"நீ சிரிச்ச" என்றார் அவர். 

அக்கா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"அவர விடு. அவர் புருஷன், பொய் சொல்லுவார். மோப்பம் போனப்ப நான் அழல, தெரியுமா? கண்ணுக்குக் கண்ணாடி போடற மாதிரி, மூக்குக்கு நீ இருக்கேன்னு நெனச்சேன். கண்ணாடி எங்கேயாவது எதிர்ல பள்ளம் இல்லேன்னு சொல்லுமாடா?"

"தப்புதான்க்கா."

"இனிமே நான் ஆலைல உன் இருமல எப்படி நம்பறது? நீ எனக்குப் பாவம் பாத்து இருமறியா, நெஜமா இருமறியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சீட்டுகளைத் தட்டி அடுக்கினேன்.

"மீதி இருக்கா கதை?"

"மூணு முடிவு இருக்குக்கா."

"மூணா? ஒண்ணுகூட நெஜமில்லேன்னு அர்த்தம்." ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள். "நீ கெளம்பு இப்ப. எனக்கு வேலை இருக்கு."

எழுந்தேன். பூட்டுக்காரர் கதவு வரைக்கும் வந்தார். "கோவம்தான். பசிச்சா சாப்பிட வா" என்று காதோரம் சொன்னார். எதிர்க்கதவுக்கு நாலு எட்டு. இவ்வளவு தூரம் அது என்றைக்கும் இருந்ததில்லை.

8

கதை என்று பார்த்தால் இங்கே நிறுத்தவேண்டும். பழ மது என்னவாகவேண்டும் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். (அ) வேண்டுமா, சோடா ஊற்றி (இ) வேண்டுமா, எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்திகளை எப்படி வேண்டுமானாலும் சிரிக்கவையுங்கள். அக்காவை மட்டும் யாரும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருதடவை போதும்.

சாயங்காலம் முழுக்க அவள் வீட்டிலிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. நான் நாற்காலியிலிருந்த துணிகளை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்து மூன்றாவது பகுதியை மறுபடி எழுதப் பார்த்தேன். "நான் குனிந்து, தொட்டிக்குக் கீழேயிருந்து" என்பதோடு பேனா

மறுநாள் காலை ஏழரைக்கு அக்கா என் கதவைத் தட்டினாள். மார்க்கெட்டுக்குப் போகவேண்டும், முலாம்பழம் வாங்கவேண்டும், காம்பு பக்கம் மோந்து பார்த்தால்தான் பழுத்ததா என்று தெரியும் என்றாள். நான் செருப்பு போட்டுக்கொண்டேன். பழக்கடையில் அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், நான் மோந்து பார்த்து ஆமாம் இல்லை என்று சொன்னேன். நான் ஆமாம் என்ற மூன்று பழத்தை வாங்கினோம். வீட்டுக்கு வந்து அறுத்துப் பார்த்ததில் இரண்டு பழுத்திருந்தன, ஒன்று காய்.